குவிமாடத்தின் நிழல்

1436இல் லியோன் பத்திஸ்தா ஆல்பர்ட்டி, ஓவியக்கலை பற்றிய தன் நூலின் இத்தாலிய வடிவத்தைக் கட்டடக்கலைஞர் பிலிப்போ புரூனெல்லெஸ்கிக்குச் சமர்ப்பிக்கிறார். முன்னுரையில் புளோரன்ஸ் கதீட்ரலின் குவிமாடத்தைப் புகழ்கிறார். டஸ்கனி மக்கள் அனைவரையும் தன் நிழலால் மூடுமளவு அது பெரியதாம். மர முட்டுகளின் உதவியில்லாமலே எழுந்ததாம். கலை வரலாறுகள் இந்தப் புகழுரையை அப்படியே வழிமொழிந்து வந்திருக்கின்றன. அந்த நிழலுக்கு அடியில் யார் இருந்தார்கள் என்பதே இங்கு நம் கேள்வி.

முட்டு இல்லை என்பது கட்டுமான உண்மை. 1420இல் தொடங்கி 16 ஆண்டுகளில், வளைவைக் கீழிருந்து தாங்கும் மரச்சட்டம் இல்லாமல், 40 லட்சத்துக்கும் மேற்பட்ட செங்கற்கள் மீன்முள் வரிசையில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஏறின. அசாத்தியமான மூளைதான், சந்தேகமில்லை. ஆனால் சமூக அர்த்தத்தில் முட்டு இல்லாமல் எந்தக் கட்டடமும் நின்றதில்லை.

கதீட்ரல் வேலையை 1331 முதல் மேற்பார்வையிட்டது கம்பளி முதலாளிகளின் கில்டு. கம்பளியைக் கோதுபவர், அடிப்பவர், கழுவுபவர் எல்லோரும் இந்தக் கில்டின் அதிகாரத்துக்குக் கட்டுப்பட்டவர்கள். அதில் உறுப்பினர்கள் அல்ல. தமக்கென்று அமைப்பு வைத்துக்கொள்ளவும் உரிமையில்லை. 1345இல் சியூட்டோ பிராந்தினி என்ற கம்பளித் தொழிலாளி சங்கம் சேர்க்கப் பார்த்தார். தூக்கில் போட்டார்கள்.

1378 ஜூலையில் 'சியோம்பி' எனப்பட்ட இந்தத் தொழிலாளர்கள் அரசு மாளிகையைக் கைப்பற்றினார்கள். கம்பளி கோதும் மிக்கேலே தி லாந்தோ நகரத்தின் தலைமைப் பதவியில் உட்கார்ந்தார். அடித்தட்டு மக்களுக்கென மூன்று புதிய கில்டுகள் உருவாயின. ஆறு வாரம்கூடத் தாங்கலை. ஆகஸ்ட் கடைசியில் சியோம்பிகளை ஒடுக்க முன்னின்றவர் அதே மிக்கேலே. அவர்களுடைய கில்டு உடனே கலைக்கப்பட்டது. மற்ற இரண்டும் 1382இல் போயின. குவிமாட வேலை தொடங்கியபோது இந்தத் தோல்வியை நேரில் கண்ட கிழவர்கள் அந்நகரில் உயிரோடு இருந்திருப்பார்கள்.

'ஆக, குவிமாடம் சுரண்டலின் சின்னம்' என்று முடித்துவிட நம்மில் பலருக்குக் கை பரபரக்கும். அப்படி முடிச்சா அது விமர்சனம் இல்லை, கோஷம். புரூனெல்லெஸ்கியையே எடுத்துக்கொள்வோம். கட்டடத் தொழிலாளர் கில்டுக்குச் சந்தா கட்டவில்லை என்று 1434இல் அவரைச் சிறையில் வைத்தார்கள். கதீட்ரல் நிர்வாகம் தலையிட்டு மீட்டது. கில்டு என்ற அமைப்பை மீறி எழும் கலைஞன் என்று இதைக் கொண்டாடலாம். ஆனால் கூலி உயர்வு கேட்டுக் கொத்தனார்கள் வேலையை நிறுத்தியபோது, அவர் லொம்பார்டியாட்களை இறக்கினார். பணிந்து திரும்பியவர்களை முன்னைவிடக் குறைந்த கூலிக்கு எடுத்துக்கொண்டார். இதைச் சொல்பவர் வசாரி. அவருக்கு இது நாயகனின் சாமர்த்தியம். மேதையும் முதலாளியும் ஒரே ஆளுக்குள் இருக்க முடியும் என்பதைத்தான் மறுமலர்ச்சி பற்றிய நம் கட்டுரைகள் விழுங்கிவிடுகின்றன.

1860இல் பூர்க்ஹார்ட், தனிமனிதன் பிறந்த காலமாக மறுமலர்ச்சியைக் கட்டமைத்தார். அந்தக் கதையாடலில் ஒருவன் தனியாக எழுந்தால் மேதை. பல்லாயிரம் பேர் சேர்ந்து எழுந்தால் கலகம்.

1525இல் மாக்கியவெல்லி முடித்த புளோரன்ஸ் வரலாற்றில் பெயரில்லாத சியோம்பி ஒருவன் பேசுகிறான். எல்லோரையும் நிர்வாணமாக்கினால் நாம் ஒன்றுபோலத்தான் இருப்போம்; உடையை மாற்றிப் போட்டால் நாமே பிரபுக்கள் என்பது அவன் வாதம். துணி உண்டாக்கியவன் வாயிலிருந்து இது வருகிறது என்பதில் இருக்கிறது கூர்மை. இதிலும் ஒரு சிக்கல். மெதிச்சி குடும்பத்தார் கேட்டு எழுதப்பட்ட நூலில், ஒரு படித்த ராஜதந்திரி இரவல் கொடுத்த குரல் இது. தொழிலாளி பேசுகிறான் என்று நாம் புல்லரித்துப்போக வேண்டியதில்லை, பேசவைக்கப்படுகிறான்.

அப்படியானால் எங்கிருந்து வாசிப்பது? கதீட்ரல் நிர்வாகத்தின் 1417 முதல் 1436 வரையான ஆவணங்கள் பெருமளவு மிஞ்சியிருக்கின்றன. கூலி, அபராதம், செங்கல், சுண்ணாம்பு, கயிறு, எருது என்று வறண்ட கணக்கு. ஆல்பர்ட்டியின் முன்னுரையையும் இந்தக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, குவிமாடத்தின் ஒரே பிரதியாகப் படிக்க வேண்டும். ஒன்றைக் கலை என்றும் இன்னொன்றைப் பொருளாதாரம் என்றும் பிரித்து வைத்துக்கொண்டிருக்கும்வரை, ஆல்பர்ட்டி சொன்ன நிழலுக்குள்தான் நாமும் நின்றுகொண்டிருப்போம்.