எத்தனை கட்டை? - குரலின் வீச்சும் கேட்டவர்கள் நின்ற இடமும்

1

எங்கள் ஊர் டீக்கடையில் இன்றும் ஓயாத சண்டை ஒன்று உண்டு. நாகூர் ஹனிபா எத்தனை கட்டையில் பாடினார் என்பது. சண்டை போடுகிற எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள். கந்தூரிக் கச்சேரிகளையும் தி.மு.க. மாநாடுகளையும் விடிய விடியக் கேட்டவர்கள். ஒருவர் "நாலரை" என்பார். இன்னொருவர் "யோவ், எட்டுக் கட்டைய்யா அந்தாளு" என்று மேசையைத் தட்டுவார். ஒரு நாள் என் அப்பா மத்தியஸ்தம் செய்யப்போய் "மூணரைன்னு வச்சுக்க" என்றார். மூலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பழைய நாடக செட்டு ஆர்மோனியக்காரர் தலையைத் தூக்கினார். "மூணரைன்னு ஒரு கட்டையே கெடையாதுப்பா."

அவர் சொன்னது சரி. ஆர்மோனியத்தில் வெள்ளைக் கட்டைகளை ஒன்று, இரண்டு என்று எண்ணுகிறோம்; இடையில் வரும் கறுப்புக் கட்டை அரை. மூன்றாவது வெள்ளைக்கும் நான்காவது வெள்ளைக்கும் இடையில் கறுப்பே கிடையாது. ஏழுக்கும் எட்டுக்கும் இடையிலும் கிடையாது. எட்டாவது கட்டை என்பது ஒன்றாவது கட்டையேதான், ஒரு ஸ்தாயி மேலே. ஆக எங்கள் ஊர் ரசிகர்கள் இல்லாத கட்டைக்கும் திரும்பி வந்த கட்டைக்கும் இடையில் மல்லுக்கு நிற்கிறார்கள்.

சங்கீதம் தெரிந்தவர்கள் சிரிக்க இன்னொரு காரணமும் இருக்கிறது. கட்டை என்பது பாடுகிறவர் தன் ஆதார ஷட்ஜத்தை எங்கே வைத்துக்கொள்கிறார் என்பதை மட்டுமே சொல்லும். அங்கிருந்து கீழே மந்திரத்தில் எவ்வளவு இறங்குவார், தாரத்தில் எவ்வளவு ஏறுவார் என்பது வேறு கணக்கு. கச்சேரி மேடையில் ஆண் வித்வான்கள் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை, இரண்டு கட்டையில் பாடுகிறார்கள். பெண்கள் ஐந்து, ஐந்தரையில். இதை வைத்து யாருக்குக் குரல் எல்லை அதிகம் என்று சொல்லிவிட முடியாது. டீக்கடை இந்த இரண்டையும் போட்டுக் குழப்புகிறது.

நான் அந்தச் சிரிப்பில் சேர விரும்பவில்லை. அந்தக் குழப்பத்துக்குள் ஒரு அறிவு இருக்கிறது என்பதுதான் இக்கட்டுரையின் வாதம். அதோடு ஒரு மோசடியும் இருக்கிறது. இரண்டையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

2

ரசிகர்கள் பேசும்போது கவனித்துப் பாருங்கள். எந்தக் கச்சேரி நினைவும் ராகத்தில் தொடங்குவதில்லை; நின்ற இடத்தில் தொடங்குகிறது. "நான் அலங்கார வாசல்ல நிக்கிறேன்." "எனக்கு எடமே கெடைக்கல, ஒரு லாரி மேல ஏறி ஒக்காந்துட்டேன்." "வயல்ல தண்ணி பாய்ச்சிக்கிட்டிருக்கேன், அங்க கேக்குது." பிறகுதான் குரல் வருகிறது. குரல் வந்த தூரம்தான் அதன் அளவு. தமிழில் குரலின் எல்லையைக் குறிக்க நாம் புழங்கும் சொல்லே 'வீச்சு'. வலைவீச்சு, கல்வீச்சு என்பதைப் போல வெளியைக் கடக்கிற சொல். ரசிகனுடைய 'எட்டுக் கட்டை' ஸ்தாயிக் கணக்கே அல்ல. எவ்வளவு தொலைவு, எத்தனை தெரு, எத்தனை சுவர் என்கிற நிலவியல் கணக்கு.

இந்தக் கணக்குக்கு வரலாறு உண்டு. மைக் வருவதற்கு முந்தைய நாடக மேடையில் கடைசி வரிசை ஆளுக்கும் கேட்டாக வேண்டும். எஸ்.ஜி. கிட்டப்பா (1906-1933) காலத்து மேடைப் பாடகர்கள் உச்சஸ்தாயியில் பாடியது வெறும் சாமர்த்தியத்தைக் காட்ட அல்ல. அது தொழிலின் தேவை. மைக் வந்த பிறகு சபா மேடையில் குரல் தாழ்ந்தது, அடங்கியது, 'உள்ளிருந்து' வருவதாக ஆனது. தென்னிந்தியக் குரலைப் பற்றி 2006இல் நூல் எழுதிய அமாந்தா வைட்மன் இதைத்தான் சொல்கிறார்: 'செவ்வியல்' என்ற கட்டுமானம் உருவாகும்போதே, பாடுகிறவரின் உடலை மறையச் செய்து குரலை மட்டும் தூய்மையாக நிறுத்துகிற ஒரு அரசியல் நடந்தது. அந்த அளவுகோலில் உரக்கப் பாடுவது 'நாடகத்தனம்', 'கத்தல்'.

ஹனிபா வேறு வழியில் வந்தவர். 1925இல் பிறந்தவர். முறைப்படி சங்கீதம் பயிலாதவர். மைக்கை வைத்துக்கொண்டே மைக் இல்லாத காலத்துக் குரலைப் பாடியவர். சபாவின் அடங்கின குரல் காதருகே வந்து பேசும். இந்தக் குரலோ திடலைப் பார்த்துப் பேசும். கந்தூரித் திடல், கல்யாணப் பந்தல், கட்சி மாநாடு மூன்றும் ஒரே குரலில் நிரம்பின. ரோலன் பார்த் 1972இல் எழுதிய குரல் பற்றிய கட்டுரையில், குறையற்ற உச்சரிப்பும் உணர்ச்சியும் கொண்ட பாடகரைக் காட்டிலும் தொண்டையும் நாக்கும் பல்லும் கேட்கிற பாடகரையே தனக்குப் பிடிக்கும் என்கிறார். பாடும் உடல் குரலில் படிந்து கிடக்கும் அந்தச் சொரசொரப்பைத்தான் டீக்கடைக்காரர்கள் 'கட்டை' என்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. இசையறிஞர்கள் விட்ட இடத்தை, தப்பான சொல்லால் என்றாலும், அவர்கள் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

3

இதுவரை எழுதியதை என் நண்பனின் உம்மாவிடம் சொன்னேன். அவர்களும் ஹனிபா ரசிகைதான். நான் முதலில் கேட்டது அதே ஆண்பிள்ளைக் கேள்வி: "நீங்க எங்க நின்னு கேட்டீங்க?"

"நின்னா? நாங்க எங்க தம்பி நின்னோம்? டேப்புலதான். மாமனாருக்குக் கேக்கக்கூடாதுன்னு சத்தத்தக் கொறச்சு வச்சு, அடுப்படியில."

பிறகு அவர்கள் சொன்னது என் கட்டுரையையே கலைத்துப் போட்டது. "ஆம்பளைங்க அவரு மேல போறதச் சொல்லுவாங்க. எனக்கு அவரு கீழ எறங்குற எடம்தான். துஆ கேக்குற மாதிரி ஒரு எறக்கம் வரும் பாருங்க. அங்க எனக்கு அழுவ வந்துரும்."

ஊரறிந்த வெண்கலக் குரலை இவர்கள் சின்னக் குரலாகவே கேட்டிருக்கிறார்கள். கேசட்டின் இரைச்சலோடு, தாளிக்கிற சத்தத்துக்கு நடுவில், ஒரு முழத் தூரத்தில். ஆண்கள் திடலில் அளந்த வீச்சு இவர்களுக்கு எட்டவேயில்லை. எட்டியது இறக்கம். ஹனிபாவின் மந்திரஸ்தாயியைப் பற்றி டீக்கடையில் ஒருத்தராவது பேசி நான் கேட்டதில்லை. 'சிங்கக் குரல்', 'வெண்கலத் தொண்டை', 'கம்பீரம்' என்று நம் பாராட்டுச் சொற்களைக் கொட்டிப் பாருங்கள். அத்தனையும் மீசை வைத்த சொற்கள். குரலின் எல்லை என்று நாம் பேசுவது பாதி எல்லைதான். மீதிப் பாதியைக் கேட்டவர்கள் அடுப்படியில் இருந்தார்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை, நானும் இந்த வருஷம்தான் கேட்டேன்.

4

இன்னொரு எல்லை சினிமா போட்டது. 1961இல் வந்த 'பாவ மன்னிப்பு' படத்தில் டி.எம். சௌந்தரராஜனும் ஹனிபாவும் சேர்ந்து பாடிய பெருநாள் பாட்டு எல்லோருக்கும் தெரியும். நாயகனின் குரல் டி.எம்.எஸ். அந்தக் குரல் எந்த உடலிலும் குடியேறும். சிவாஜிக்கும் பொருந்தும், எம்.ஜி.ஆருக்கும் பொருந்தும். ஏழை, ராஜா, பக்தன், முஸ்லிமாக வளர்ந்த பிள்ளை, எவராகவும் அது ஆகலாம். ஹனிபாவின் குரலுக்கு அந்தச் சலுகை இல்லை. திரையில் அது ஒலித்தாலே தொப்பியும் பிறையும் வந்தாக வேண்டும். முப்பது வருஷம் கழித்து 1992இல் 'செம்பருத்தி'யில் இளையராஜா அவரைக் கூப்பிட்டபோதும் கடலும் அல்லாவும்தான்.

பொதுக் குரல், தனிக் குரல் என்ற பிரிவினை இப்படித்தான் நடக்கிறது. தன் அடையாளத்தை மறைத்துக்கொள்ள முடிகிற குரல் 'தமிழ்க் குரல்' ஆகிறது. மறைக்க முடியாதது 'இஸ்லாமியப் பாடல்' என்ற அலமாரிக்குப் போகிறது. தோழர்கள் கோபிக்க வேண்டாம், தமிழிலக்கியத் துறைகளும் இதற்கு விலக்கல்ல. நான் எம்.ஏ. தமிழ் படித்தபோது இஸ்லாமியத் தமிழ் இலக்கியம் ஒரு சிறு அலகாக இருந்தது. சீறாப்புராணத்தை இயற்றியவர் யார், குணங்குடி மஸ்தான் சாகிபு எதைப் பாடினார் என்று எழுதினால் மார்க்கு. அந்தக் கேள்விக்கு விடை எழுதிய நாங்கள் எல்லோரும் ஹனிபாவைக் கேட்டு வளர்ந்தவர்கள். அவர் பெயர் ஒருநாளும் வகுப்பறைக்குள் வரவில்லை.

கட்சி அவரைப் பயன்படுத்தியது. அவரும் மனமொப்பித்தான் பாடினார். அதைக் குறைசொல்லும் யோக்கியதை எனக்கில்லை. அண்ணாவையும் பெரியாரையும் அதே தொண்டையில் பாடியவர் அவர். நபியையும் நாத்திகரையும் ஒரு மேடையில் பாட முடிந்த ஒரு காலம் இருந்தது என்பதற்கு அந்தக் குரல் சாட்சி. ஆனால் சாட்சிகளுக்குப் பொன்னாடை போர்த்துவது எளிது. சாட்சியத்தைக் கேட்பது கஷ்டம்.

5

இப்போது மோசடிக்கு வருகிறேன்.

'மத நல்லிணக்கக் குரல்' என்று அவரைச் சொல்லாத அஞ்சலி இல்லை. 2015 ஏப்ரல் 8 அன்று அவர் இறந்தபோது என் அப்பா சாப்பிடவில்லை. ராத்திரி வரை பழைய கேசட்டுகளைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தத் துக்கம் பொய்யல்ல.

அதற்கு சில வருஷங்களுக்கு முன்னால் எங்கள் வீட்டின் பின்கட்டை வாடகைக்கு விடுவதாக இருந்தது. மேலே சொன்ன என் நண்பன், அவனுக்குக் கல்யாணமான புதுசு, வந்து கேட்டான். அப்பா அவனுக்கு டீ கொடுத்தார். ஹனிபா கச்சேரிக் கதைகளைச் சொன்னார். அட்வான்ஸ் பேச்சு வந்தபோது "வேற ஒருத்தருக்குச் சொல்லிட்டேன் தம்பி" என்றார். அப்படி யாருக்கும் சொல்லவில்லை. அவன் போனபிறகு என்னிடம், "கறி கிறின்னு ஆக்குவாங்க, அக்கம்பக்கத்துல சொல்லுவாங்கடா" என்றார். நாங்களும் கறி தின்கிற சாதிதான். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு மசாலா வாசனை தெருமுனை வரை போகும்.

நான் அப்போது எம்.ஏ. இரண்டாம் வருஷம். 'மற்றமை' பற்றி செமினார் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்தக் குரல் எட்டு ஊர் தாண்டியது, வயலுக்கும் லாரிக்கும் எட்டியது. எங்கள் பின்கட்டுக்கு மட்டும் எட்டவில்லை. குரலை உடம்பிலிருந்து பிரித்தெடுத்துக் கொண்டாடுவதில் இருக்கிற சௌகரியம் இதுதான். பாட்டைக் கூடத்தில் உட்கார வைக்கலாம். பாட்டு கறி சமைக்காது, வாடகை ஒப்பந்தம் கேட்காது, பிள்ளை பெற்றுக்கொள்ளாது. சபா செய்ததாக நாம் குற்றம்சாட்டுகிற வேலையை, அதாவது பாடுகிற உடலை மறைத்துக் குரலை மட்டும் எடுத்துக்கொள்வதை, நல்லிணக்கம் பேசுகிற நாமும் வேறு விதத்தில் செய்கிறோம்.

6

மறுபக்கமும் சொல்லாமல் விட்டால் நேர்மையல்ல. எண்பதுகளிலிருந்து வளர்ந்த ஏகத்துவ இயக்கங்கள் தர்காவையும் கந்தூரியையும் இசைக்கருவியையும் மறுத்தன. சடங்கு, தரகு, மூடநம்பிக்கை பற்றி அவர்கள் எழுப்பிய கேள்விகள் பலவற்றில் நியாயம் இருக்கிறது. பகுத்தறிவு பேசுகிற நாம் அதை ஒத்துக்கொள்ள வேண்டும். ஆனால் இசையே கூடாது என்றான இடத்தில், உம்மாவின் அடுப்படி டேப் நின்றுபோனது. நிறுத்தியது மாமனார் இல்லை, மகன். என் நண்பனேதான். "அவன் நல்லதுக்குத்தான் சொல்றான்" என்றார்கள். பிறகு, "நான் இப்ப மனசுக்குள்ள போட்டுக்கிறேன்" என்றார்கள்.

தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங் கட்டிக்கொடுத்த 131 அடி மினாரா நாகூரில் இன்றும் நிற்கிறது. கந்தூரியின் பதினான்கு நாளும் எல்லா மதத்தாரும் வருகிறார்கள். விடிய விடியக் கச்சேரி இப்போது இல்லை. ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. நோயாளிக்கும் படிக்கிற பிள்ளைக்கும் வேண்டிய விதிதான். எந்தத் தெருவின் சத்தம் 'திருவிழா' என்றும் எந்தத் தெருவின் சத்தம் 'தொந்தரவு' என்றும் நம் காதுக்குள் எழுதி வைத்திருக்கிறதே, அந்த விதி எந்த ஆண்டினுடையது என்றுதான் நாம் விசாரிக்க வேண்டும்.

டீக்கடைச் சண்டை தொடரட்டும். அந்த நினைவுகள் எங்கேயும் பதிவாகவில்லை, அந்தக் கிழவர்களோடு போய்விடும். இதை வாசிக்கிற எழுத்தாளர்கள் தத்தம் ஊரில் போய்க் கேட்டு எழுத வேண்டும். கேட்கும்போது 'எத்தனை கட்டை' என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். எங்கே இருந்து கேட்டீர்கள், யாருக்குத் தெரியாமல் கேட்டீர்கள், கேட்டு முடித்து வீட்டுக்கு வந்து என்ன செய்தீர்கள் என்றும் கேளுங்கள். கடைசிக் கேள்வியை முதலில் உங்கள் வீட்டில் கேளுங்கள்.

நான் போன மாதம் கேட்டேன். அப்பா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அந்தப் புள்ள இப்ப எங்க குடியிருக்கான்?" என்றார்.