நட்சத்திரப் படமும் நமது அநுமானமும்

நட்சத்திரங்களின் பிரகாசத்தையும் நிறத்தையும் ஆண்டுக்கணக்காக அளந்து, பக்கம் பக்கமாக எண்களை நிரப்பிவைத்த அட்டவணைகளில் தென்படாத ஓர் ஒழுங்கு, அந்த எண்களையே புள்ளிகளாக ஒரு தாளில் குறித்த மாத்திரத்தில் வெளிப்பட்டுவிட்டது என்பது வான சாஸ்திர சரித்திரத்தில் விசேஷமான செய்தி. டென்மார்க் தேசத்து ஹெர்ட்ஸ்ப்ரங் 1911-லும் அமெரிக்கரான ரஸ்ஸல் 1913-லும் தனித்தனியே வெளியிட்ட அந்தப் படங்களில், நட்சத்திரத்தின் நிறமோ வகையோ ஓர் அச்சிலும், பிரகாசம் மற்றோர் அச்சிலும் அமைந்தன. ரஸ்ஸலின் படத்தில் பெரும்பாலான புள்ளிகள் இடப்புற மேல்மூலையிலிருந்து வலப்புறக் கீழ்மூலை வரை ஒரு பட்டையாக அணிவகுத்தன; செந்நிற ராட்சத நட்சத்திரங்கள் வலப்புறம் மேலே கூடின; இடப்புறம் கீழே ஒரே ஒரு புள்ளி ஒற்றையாய் நின்றது. வெண்மையாக இருந்தும் மிக மங்கலான அந்த நட்சத்திரம், வெண்குள்ளன் எனப் பிற்பாடு பெயர்பெற்ற இனத்தைச் சேர்ந்தது. அட்டவணையில் ஒரு வரியாக இருந்தால் கண் அதைத் தாண்டிப் போயிருக்கும். படத்திலோ அதன் தனிமையே காரணம் கேட்கத் தூண்டுகிறது.

ஆயினும், ஒழுங்கைக் காட்டிய அதே படம் தவறான அநுமானத்துக்கும் இடங்கொடுத்தது. பட்டையைக் கண்ட ரஸ்ஸல், அதை நட்சத்திரங்கள் குளிர்ந்துகொண்டே இறங்கிவரும் பாதையென்று கருதினார். உண்மையில் அது, ஒவ்வொரு நட்சத்திரமும் தன் நிறைக்கேற்ற இடத்தில் தன் ஆயுளின் பெரும்பகுதியைக் கழிக்கும் நிலை என்பது, அணுக்கரு இணைவால் அவை ஒளிர்கின்றன என்று தெளிந்த பின்னரே விளங்கிற்று. புள்ளிகளின் வரிசை மெய். அதைப் பயணமாக வாசித்தது மனம்.

இதனினும் நுட்பமான குறை, எந்த நட்சத்திரங்களைப் படத்தில் சேர்ப்பது என்பதில் உள்ளது. வெறுங்கண்ணுக்குத் தெரிபவற்றை மட்டும் குறித்தால், ராட்சதர்கள் மலிந்த உலகம் ஒன்று தோன்றும். சூரியனுக்கு அண்மையில் உள்ளவற்றைக் குறித்தாலோ, மங்கிய சிவப்புக் குள்ளர்களே பெரும்பான்மையாக நிற்பார்கள். இரண்டு படங்களிலும் பொய் இல்லை. ஆனால் தேர்ந்தெடுத்த முறையைச் சொல்லாவிட்டால் இரண்டும் பொய்க்குத் துணைபோகும்.

பொதுமக்களுக்கு விளக்கும் சித்திரங்களில் இந்த அபாயம் பெரிது. 1995-இல் ஹபிள் தொலைநோக்கி எடுத்த, ‘படைப்பின் தூண்கள்’ என்று புகழ்பெற்ற கழுகு நெபுலாப் படத்தில், கந்தகத்தின் ஒளிக்குச் சிவப்பும், ஹைட்ரஜனுக்குப் பச்சையும், ஆக்ஸிஜனுக்கு நீலமும் ஏற்றப்பட்டன. கந்தகமும் ஹைட்ரஜனும் அங்கே வெளியிடும் அந்த ஒளிகள் இரண்டுமே இயல்பில் சிவப்பு. ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்தறிய வேண்டியே இந்த வர்ண மாற்றம் நேர்ந்தது. ஆராய்ச்சியாளருக்கு அது உபகாரம். விவரமறியாமல் பார்ப்பவருக்கோ அந்தப் பச்சை ஆகாயத்திலேயே இருப்பதான பிரமை.

ஆகவே, சித்திரங்களைச் சந்தேகித்து ஒதுக்குவது பேதைமை. அவற்றைப் பிரத்தியட்சமென்று நம்பிவிடுவதும் அவ்வாறே. எந்த நட்சத்திரங்களைக் கொண்டது, எந்த வாயுவுக்கு எந்த நிறம் ஏற்றியது என்ற விவரத்தை ஒரே வரியில் படத்தின் கீழே அச்சிடுவது பத்திரிகைக்குச் சிரமமல்ல. அந்த வரி இல்லாத படத்தை, எத்தனை அழகாயிருப்பினும், விஞ்ஞான விளக்கமென்று ஏற்க வேண்டியதில்லை.