மோக்லியின் இருப்பிடம்: ஒரு மறுநோக்கு

வோல்ட் டிஸ்னி நிறுவனம் 1967இல் வெளியிட்ட ‘ஜங்கிள் புக்’ என்னும் காட்டூன் திரைப்படத்தை, அந்நிறுவனமே 2016இல் ஜோன் ஃபாவ்ரோவின் நெறியாள்கையில் மீண்டும் உருவாக்கியது. மோக்லியாக நடித்த சிறுவன் நீல் சேத்தி மெய்; அவனைச் சூழ்ந்த காடும் விலங்குகளும் லொஸ் ஏஞ்சல்ஸ் கலையகமொன்றிற் கணினியின் துணைகொண்டு சமைக்கப்பட்டவை. இத்திறன் ஒஸ்கார் விருதையும் பெற்றது. எனினும் இன்று இப்படத்தை மீண்டும் நோக்குமிடத்து, நம் சிந்தனைக்குரியது அவ்வியப்பன்று, படத்தின் முடிவேயாகும்.

காட்டூனில் ஓநாய்களின் அவை கூடி, மனிதக்குட்டி காட்டில் இருத்தலாகாது எனத் தீர்மானிக்கிறது. அவனை மனிதரிடம் சேர்ப்பிக்கும் பொறுப்பைக் கருஞ்சிறுத்தை பகீரா ஏற்கிறது. இறுதியில், நீர்மொள்ள வந்த சிறுமியொருத்தியின் பின்னே மோக்லி ஊருக்குள் நடந்துவிடுகிறான். அவன் சேரவேண்டிய இடம் அதுவே எனப் பகீரா அமைதி கொள்கிறது. பார்வையாளரும் புன்னகையுடன் எழுகின்றனர்.

ருவான்வெல்லையின் றப்பர்த் தோட்டத்து லயங்களிற் பிறந்து வளர்ந்தோர் அப்புன்னகையில் எளிதிற் பங்குகொள்ளல் இயலாது. அப்படம் வெளிவருவதற்கு மூன்றாண்டுகளின் முன்னர், 1964 ஒக்டோபர் 30இல், சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. நாடற்றவராயிருந்த மலையக மக்களுள் 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென அது வகுத்தது; எஞ்சிய 150,000 பேரின் நிலை பிற்போடப்பட்டது. இவர்களுட் பலர் அக்கரையைக் கண்ணாற் கண்டிராதவர். படத்தை ஆக்கியோர் இதனை எண்ணினர் என்பது நம் வாதமன்று. ‘உன் இனத்தார் வாழுமிடமே உன் இடம்’ என்னும் கருத்து, எத்துணை இனிய இசையோடு வரினும், இயற்கை நியதி ஆகிவிடாது என்பதே நாம் கூறவிழைவது. கிப்ளிங்கின் 1894ஆம் ஆண்டு மூலநூலிலோ, மோக்லியை ஓநாய்க் கூட்டமும் ஊராரும் ஒருங்கே துரத்துகின்றனர். அக்கசப்பைக் காட்டூன் களைந்துவிட்டது.

2016ஆம் ஆண்டுப் படத்தில் மோக்லி காட்டிலேயே தங்குகிறான். இது பாராட்டத்தக்க மாற்றமே. ஆயின் தங்கும் உரிமையை அவன் எங்ஙனம் பெறுகிறான்? கயிறு திரித்து, செங்குத்துப் பாறையிலுள்ள தேனைக் கரடி பலூவுக்கு இறக்கிக் கொடுக்கிறான். குழியில் வீழ்ந்த யானைக்கன்றை மீட்கிறான். ஷேர்கான் என்னும் புலியை வீழ்த்துகிறான். கைத்திறனே அவனுக்கு நற்சான்றாகிறது. யாதொரு பயனுமற்ற மோக்லியைக் காடு ஏற்றிருக்குமா? படம் இவ்வினாவை எழுப்பவில்லை.

இது நமக்கும் உரிய வினா. ‘இந்நாட்டைச் செழிக்கச் செய்தோம், ஆகவே உரிமை உண்டு’ என நாமும் நெடுங்காலம் வாதித்துள்ளோம். அது உண்மையே, ஆயினும் முழுமையன்று. பால்வெட்டிய கணக்கைக் காட்டியா ஒருவர் தம் மண்ணுக்கு உரியவராதல் வேண்டும்? 2003ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழ்ந்தோருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் உரிமை வழங்கியது. அது உழைப்பை அளக்கவில்லை, வாழ்ந்தமையையே கொண்டது.

படத்தில் இவ்வுண்மையை உணர்ந்த பாத்திரம் தாய் ஓநாயாகிய ரக்‌ஷா ஒன்றே. மோக்லி தேன் எடுப்பதற்கும் யானையை மீட்பதற்கும் முன்னரே அது அவனைத் தன் பிள்ளையென்று கொள்கிறது. படத்தின் சிறப்பு இறுதிப் போரிலன்று, அச்சிறு காட்சியிலேயே தங்கியுள்ளது எனலாம்.