46 நாள் தொடர்கதை

தேர்தல் காலத்துப் பத்திரிகையைக் கதை எழுதுகிறவன் படிப்பதில் ஒரு சங்கடம் உண்டு. மற்றவர்கள் அதைச் செய்தியாகப் படித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அவனால் அதைக் கதையாகப் படிக்காமல் இருக்க முடிவதில்லை. 2024-ம் வருஷப் பாராளுமன்றத் தேர்தலில் தமிழ்நாடு ஏப்ரல் 19-ந் தேதியே ஓட்டுப் போட்டு முடித்துவிட்டது. முடிவு தெரிந்தது ஜூன் 4-ந் தேதி. இடையில் 46 நாட்கள். விரலில் வைத்த மை காய்ந்தாகிவிட்டது. இனி நம் கையில் ஒன்றுமில்லை. சாவகாசமாக உட்கார்ந்து செய்தி படிக்க இதைவிட நல்ல காலம் கிடைக்காது. நானும் படித்தேன், தினசரி இரண்டு, இரவில் டெலிவிஷன். தொடர்கதை என்ற முறையில் அது மட்டமான தொடர்கதை என்பது என் அபிப்பிராயம்.

படித்தவன் எப்படிப்பட்டவன் என்பதையும் சொல்லிவிடுவது நியாயம். நான் எந்தக் கட்சியிலும் அங்கத்தினன் அல்ல. மனத்தில் பட்டதை எவனும் பயமில்லாமல் பேசவும் எழுதவும் வேண்டும். எண்ணிக்கையில் குறைந்தவர்கள் மிகுந்தவர்களின் தயவில் பிழைக்கக் கூடாது. சர்க்காரைக் கண்டு கோர்ட்டு எழுந்து நிற்கக் கூடாது. எனக்கு இவைதாம் முக்கியம். இப்படிப்பட்டவனை லிபரல் என்கிறார்கள். ஒரு காலத்தில் நம் பக்கத்தில் லிபரல் என்றால் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியாரும் அவர் கூட்டாளிகளும்தான். அவர்களை மிதவாதிகள் என்று தமிழ்ப்படுத்தி, மனுப்போடுகிறவர்கள் என்று கேலி செய்து, பிறகு மறந்தும் விட்டோம். கூட்டம் கலைந்துவிட்டது, ஆசாமிகள் அங்கங்கே இருக்கிறோம். ஆனால் தேர்தல் செய்தியில் எங்களுக்கு இடமில்லை. என் ஜாதி, வயது, தொகுதி மூன்றும் தெரிந்தால் போதும். நான் யாருக்குப் போடுவேன் என்று நிருபர் எழுதிவிடுவார். என்னைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

'வாக்கு வங்கி' என்ற வார்த்தையைப் பாருங்கள். சமூகவியல் அறிஞர் எம். என். சீனிவாஸ் 1950-களில் மைசூர்க் கிராமம் ஒன்றைப் பற்றி எழுதும்போது கையாண்டது அது. தம்மை அண்டிப் பிழைப்பவர்களின் ஓட்டுக்களை ஊர்ப் பெரிய மனிதர் மொத்தமாக ஒரு கட்சிக்கு வாங்கித் தருவார். அந்த ஏற்பாட்டுக்கு வைத்த பெயர். வங்கி பெரிய மனிதருடையது என்பதும், அண்டிப் பிழைக்கிறவனுக்குச் சொந்த ஓட்டு இல்லை என்பதும் அதில் அடக்கம். இப்போது பெரிய மனிதரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு ஜாதியையோ மதத்தையோ வைத்துக்கொண்டார்கள். கொடுமையைக் குறித்த சொல், ஏதோ மழை பெய்வது போன்ற இயற்கை விதியாக அச்சாகிறது.

'அலை'யும் அப்படித்தான். கடலில் எந்தத் துளியும் யோசித்துக் கரைக்கு வருவதில்லை. தமிழ்நாட்டின் 39 இடங்களையும் தி.மு.க. அணி வென்றதும் அலை அலை என்றார்கள். அந்த அணி பெற்றது பதிவான ஓட்டுக்களில் ஏறத்தாழ 47 சதவிகிதம். பாதிக்கு மேற்பட்டவர்கள் அதற்குப் போடவில்லை. எதிரணிகள் பிரிந்து நின்றன, அவ்வளவுதான்.

கதையில் பாத்திரங்களுக்கு மனம் இல்லாவிட்டால் போகட்டும், கதாசிரியனுக்காவது நியாய உணர்ச்சி வேண்டும். ஏப்ரல் 21-ந் தேதி ராஜஸ்தானில் பான்ஸ்வாராவில் பிரதம மந்திரி பேசினார். காங்கிரஸ் வந்தால் மக்கள் சொத்தை எடுத்து ஊடுருவியவர்களுக்கும் அதிகம் பிள்ளை பெறுகிறவர்களுக்கும் பங்கிட்டுவிடும் என்ற பொருள்படப் பேசினார். ஒருவர் சொத்தைப் பறித்து இன்னொருவருக்குக் கொடுப்போம் என்ற வாக்குறுதி காங்கிரஸின் தேர்தல் அறிக்கையில் இல்லை. அந்த அறிக்கை எவரும் வாங்கிப் படிக்கக் கூடியது. நான் படித்த தினசரிகளில் ஒன்று பேச்சை ஒரு பத்தியிலும் மறுப்பைப் பக்கத்துப் பத்தியிலும் போட்டு, 'அனல் பறக்கும் பிரசாரம்' என்று மேலே தலைப்புக் கொடுத்திருந்தது. அறிக்கையைப் புரட்டிப் பார்த்து, இருக்கிறது அல்லது இல்லை என்று ஒரு வரி எழுத எத்தனை நேரம் ஆகும்? தேர்தல் கமிஷனும் ஏப்ரல் 25-ல் இரண்டு கட்சித் தலைவர்களுக்கும் ஒரே நாளில் நோட்டீஸ் அனுப்பிற்று, பேசியவர்களுக்கு அல்ல. இதற்கு நடுநிலைமை என்று பெயர். தராசின் இரண்டு தட்டிலும் எதையாவது வைத்துவிட்டால் முள் நடுவில் நின்றுவிடும் என்ற நம்பிக்கை.

எனக்கு எரிச்சல் ஆளும் கட்சிமேல் மட்டும் என்று எண்ண வேண்டாம். சுப்ரீம் கோர்ட்டு பிப்ரவரி 15-ல் தேர்தல் பத்திரங்களைச் செல்லாதென்று தீர்ப்பளித்தது. ஜூன் 30 வரை அவகாசம் கேட்ட ஸ்டேட் வங்கிக்குக் கோர்ட்டு அதைக் கொடுக்கவில்லை. ஓட்டுப் பதிவுக்கு முன்பே, மார்ச் மாதத்தில், பட்டியல் வெளிவந்துவிட்டது. பா.ஜ.க. பெற்றது ஏறத்தாழ 6,060 கோடி. யாவரிலும் அதிகமாக, 1,368 கோடிக்குப் பத்திரம் வாங்கியது கோயமுத்தூரிலிருந்து நடக்கும் லாட்டரிக் கம்பெனி. அதில் 509 கோடி தி.மு.க.வுக்குப் போயிற்று. தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை! யார் எதற்குக் கொடுத்தார் என்று நான் ஊகம் செய்யத் தயாரில்லை. ஆனால் ஓட்டுப் போடப் போகிறவன் கையில் இருக்க வேண்டிய விஷயம் இது ஒன்றுதான் என்றுகூடச் சொல்வேன். அது இரண்டு மூன்று நாள் ஓடியது. பிறகு எந்தக் கட்சிக்கு எத்தனை இடம் ஒதுக்கினார்கள், யார் கோபித்துக்கொண்டு வெளியே வந்தார்கள் என்று செய்தி பழைய வண்டித் தடத்துக்கே திரும்பிவிட்டது. எங்களைப் போன்றவர்களும் அதைப் பிடித்துக்கொண்டு பேசவில்லை. பேசினால் நம் பக்கமும் சேர்ந்தல்லவா அழுக்காகும்!

சூரத்தில் காங்கிரஸ் வேட்பாளரின் மனு தள்ளுபடியாகி, மற்றவர்களும் விலகி, ஏப்ரல் 22-ல் ஓட்டே இல்லாமல் ஒரு எம்.பி. வந்தார். இந்தூரில் காங்கிரஸ் வேட்பாளர் விலகியபின் 2 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் 'எவருக்கும் இல்லை' என்ற பொத்தானை அழுத்தினார்கள். இரண்டும் பெட்டிச் செய்திகளாக வந்துபோயின.

ஜூன் 1 மாலை கருத்துக் கணிப்புகள் வந்தன. பெரும்பாலானவை ஆளும் அணிக்கு 350-க்கு மேல் கொடுத்தன. சில 400-ஐயும் தொட்டன. பங்கு மார்க்கெட் 3-ந் தேதி துள்ளி, 4-ந் தேதி விழுந்தது. சென்செக்ஸ் அன்று ஒரே நாளில் 4,300 புள்ளிக்கு மேல் சரிந்தது. வந்தவை 293. பா.ஜ.க.வுக்கு மட்டும் 240. 2019-ல் 303 இருந்தது. கணித்தவர்களில் ஒருவர் டெலிவிஷனில் கண்ணீர் விட்டார். அந்த மனிதர்மேல் எனக்குப் பரிதாபமே தவிரக் கோபம் இல்லை. முடிவை முதலில் தீர்மானித்துக்கொண்டு கதை எழுதுகிற எல்லோருக்கும் வருகிற ஆபத்து அது.

பைசாபாத் தொகுதியைச் சொல்ல வேண்டும். அயோத்தி அதில்தான் இருக்கிறது. ஜனவரி 22-ல் அங்கே ராமர் கோயில் பிராணப் பிரதிஷ்டை நடந்தது. இரண்டு முறை ஜெயித்த லல்லு சிங் மறுபடி நின்றார். எதிரே நின்றவர் அவதேஷ் பிரசாத், பாசி வகுப்பைச் சேர்ந்த தலித். தொகுதியோ பொதுத் தொகுதி. அவர் 54,567 ஓட்டு வித்தியாசத்தில் வென்றார். கோயிலுக்குப் போகும் சாலையை அகலப்படுத்தச் சுமார் 13 கிலோமீட்டருக்கு வீடுகளையும் கடைகளையும் இடித்திருந்தார்கள். அரசியல் சாசனத்தை மாற்றப் பெரும்பான்மை தேவை என்று வேட்பாளர் பேசியது தலித்துகளை உலுக்கியிருந்தது. நான் படித்த தினசரிகளில் தேர்தலுக்கு முன் இந்த இரண்டும் கண்ணில் படவில்லை; விளக்கு அலங்காரம்தான் வந்தது. இடிந்த கடையின் சொந்தக்காரர் ராம பக்தராகவே இருக்கலாம். காலையில் கோயிலுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு, நஷ்ட ஈட்டுக் கணக்கை மனத்தில் போட்டுக்கொண்டு சாவடிக்குப் போயிருக்கலாம். அந்த ஒரு மனிதருக்குள் ஒரு நாவல் இருக்கிறது.

முடிவு வந்த பிறகு புதுக் கதை ஆரம்பமாயிற்று. அயோத்திக்காரர்கள் கோயில் கட்டியவர்களைத் தண்டித்துவிட்டார்கள் என்று எங்கள் தரப்பில் மகிழ்ந்து எழுதினார்கள். எதிர்த் தரப்பில் அந்த ஊர்க்காரர்களைத் துரோகிகள் என்று சமூக வலைத்தளங்களில் வசைபாடினார்கள். பைசாபாத்தில் ஐந்து சட்டமன்றத் தொகுதிகள் உண்டு. அவற்றில் அயோத்தி ஒன்றில் மட்டும் பா.ஜ.க.தான் முன்னால் நின்றது. பாராட்டியவர்களும் வைதவர்களும் அந்த எண்ணைப் பார்க்கவில்லை.