மூக்கடைப்பை எப்படி அளப்பது?

மருந்துக் கடையில் சளிக்கென்று வாங்கும் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பாராசிட்டமால், குளோர்பெனிரமின் ஆகியவற்றோடு பினைலெஃப்ரின் என்ற பெயரும் பெரும்பாலும் இருக்கும். மூக்கடைப்பை நீக்க வேண்டியது இதன் பொறுப்பு. இந்த மருந்தை வாய்வழியே சாப்பிட்டால் அடைப்பு நீங்குவதில்லை என்று, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு 2023 செப்டம்பரில் ஒருமனதாக வாக்களித்தது. வாக்களித்த 16 பேரில் ஒருவர்கூட மாறுபடவில்லை.

அதே நாட்டில் 1976-இல் ஒரு நிபுணர் குழு, 10 மில்லிகிராம் பயன் தரும் என்று ஏற்றிருந்தது. மருந்து அதேதான், அளந்த விதம் மாறிவிட்டது.

பழைய ஆய்வுகள், மூக்கு வழியே காற்று போகும்போது ஏற்படும் தடையைக் கருவி வைத்து அளந்தன. நோயாளியின் மனநிலைக்கு ஏற்ப கருவி பேசாது என்பது அந்த முறையின் பெரிய பலம். ஆனால் மூக்கு ஒரே நிலையில் நிற்கும் உறுப்பல்ல. சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு துளை அடைபட்டு மறு துளை திறக்கும். பெரும்பாலோருக்கு இயல்பாக நடப்பது இது. கருவி காட்டும் தடைக்கும் நாம் உணரும் அடைப்புக்கும் உறவு அவ்வளவு நெருக்கமும் இல்லை. மென்தால் கலந்த தைலத்தை மோந்தால் மூக்கு திறந்ததுபோல் இருக்கிறதே, அப்போது கருவியில் அளந்தால் தடை குறைந்திருக்காது. குளிர்ச்சியை உணரும் நரம்பு தூண்டப்படுகிறது, அவ்வளவுதான். போதாததற்கு, அன்றைய ஆய்வுகளில் ஆட்கள் குறைவு. நல்ல முடிவு தந்தவற்றில் பல ஒரே ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தவை. மற்றவர்கள் செய்தபோது அதே முடிவு கிடைக்கவில்லை.

பின்னாளில் வந்த ஆய்வுகள் நோயாளியையே கேட்டன. 2016-இல் வெளியான ஒன்றில், மகரந்த ஒவ்வாமை உள்ள 575 பேரில் ஒரு பாதிக்கு மெதுவாகக் கரையும் 30 மில்லிகிராம் பினைலெஃப்ரின், மறு பாதிக்கு வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது. தங்கள் அடைப்புக்குத் தாங்களே மதிப்பெண் போட்டார்கள். இரு தரப்புக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. காரணமும் விளங்கிவிட்டது: குடல் சுவரிலேயே மருந்து சிதைந்து, வீரியம் குறையாமல் ரத்தத்தில் சேர்வது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

என் கருத்தில், மூக்கு நோய்களுக்கு நோயாளியின் சொல்லே முதன்மையான அளவுகோல். வெற்று மருந்துக் குழு கூடவே இருந்தால்தான் அந்தச் சொல்லுக்கு மதிப்பு. நாட்பட்ட சைனஸ் நோயில் இது பளிச்சென்று தெரிந்தது. 1999-இல் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் நோயாளிகளில் 96 சதவீதத்தினரின் மூக்குச் சளியில் பூஞ்சையைக் கண்டு, அதுவே காரணம் என்றார்கள். ஒப்பீட்டுக்குச் சோதித்த ஆரோக்கியமானவர்கள் அத்தனை பேரிடமும் பூஞ்சை இருந்ததை அதே கட்டுரை சொல்லியிருந்தது! பூஞ்சைக்கொல்லி கலந்த நீரால் மூக்கைக் கழுவிய ஐரோப்பிய ஆய்வு 2006-இல் வெளியானபோது, மருந்தில்லாத நீரைவிட அது மேலாகத் தேறவில்லை.

நோயாளியைக் கேட்கும் முறையில் குறையும் உண்டு. சைனஸ் ஆய்வுகளில் பரவலாகப் பயன்படும் 22 கேள்விப் பட்டியல் தும்மல், தூக்கம், சோர்வு, மனக்கவலை எல்லாம் விசாரிக்கிறது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண். சிகிச்சைக்கான செலவை அது கேட்பதில்லை. பஞ்சாலைத் தூசியில் நாளெல்லாம் நிற்பவரின் வேலையிடத்தையும் கேட்பதில்லை. திருப்பூரிலோ கோவையிலோ நடக்கும் ஆய்வுக்கு இந்த இரண்டும் இல்லாமல் முடியாது.

மீண்டும் மாத்திரை அட்டைக்கு வருவோம். குளோர்பெனிரமினும் பினைலெஃப்ரினும் சேர்ந்த சளி மருந்தை நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தரக்கூடாது என்று அச்சிடும்படி இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரில் உத்தரவிட்டது. வீட்டில் சிறு குழந்தை இருந்தால் அட்டையை, பாட்டிலைப் படித்துப் பாருங்கள். பெரியவர்கள் ஒவ்வாமை அடைப்புக்கு மாத்திரையைத் தேடுமுன், மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரே பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். வெற்று மருந்தோடு மோதிப் பலமுறை வென்றது அது.