வந்தவர் கண்ணும் இருந்தவர் சொல்லும்: மலையகப் புனைகதையிற் புதியவரின் இடம்

1

தனக்குப் பழக்கமில்லாத சூழலொன்றினுள் வந்துசேரும் இளைஞன் ஒருவன், அதன் மொழியையும் உழைப்பையும் உறவுகளையும் படிப்படியாக அறிந்து, ஈற்றில் அதனோடு இசைவுறுவதாகக் கதை புனைதல் நாவலாசிரியர் பலர் கையாண்டுள்ள உத்தியாகும். வாசகரும் அவ்வுலகினை அறியாதவராதலின், கதைமாந்தன் கற்பவற்றை உடனிருந்து கற்றுச் செல்கின்றார். உத்தி என்ற அளவில் இது பயனுடையதே. ஆயின், யாருடைய கண் அளவுகோலாக அமைகின்றது என்னும் வினாவை அது எப்பொழுதும் தன்னுள் மறைத்து வைத்திருக்கின்றது.

கனடிய எழுத்தாளர் ஃபார்லி மோவட் 1956இல் வெளியிட்ட 'லொஸ்ட் இன் த பரன்ஸ்' என்னும் நாவல் இதற்குத் தக்க சான்றாகும். பெற்றோரை இழந்த ஜேமி என்னும் பதின்மப் பருவத்தினன், ரொறன்ரோ நகரிலிருந்து, வடபுலக் காட்டில் வேட்டைத் தொழில்புரியும் தன் தந்தையின் உடன்பிறந்தாரிடம் வருகின்றான். கிறீ இனத்துச் சிறுவன் அவாசின் அவனுக்குத் தோழனாகின்றான். மரங்களற்ற வடவெளியில் தனித்துவிடப்பட்டுக் கடுங்குளிரைக் கழித்த இருவரும் ஈற்றில் இனுவிற் மக்களின் துணையாலேயே மீள்கின்றனர். நிலத்தின் இயல்பை அறிந்தவன் அவாசின். ஜேமியின் துடுக்குத்தனமோ இருவரையும் இடருட் படுத்துகின்றது. எனினும், வாசகர் மனத்தில் இது ஜேமி வளர்ந்த கதையாகவே நிலைக்கின்றது. வழிகாட்டினோர் அனைவரும் அவன் வளர்ச்சிக்குப் பின்புலமாகி விடுகின்றனர்.

நமது நாட்டில் இவ்வுத்திக்கு மிக இயல்பாக இடந்தந்த நிலம் மலையகமாகும். ஹற்றன், நுவரெலியா, தலவாக்கலை முதலிய இடங்களின் தோட்டங்களுக்குக் கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் சென்ற படித்த இளைஞரின் கண்வழியாகவே தமிழ் வாசகருட் பலர் அவ்வுலகினை முதலில் அறிந்தனர். அக்கண் எதனைக் கண்டது, எதனைக் காணவில்லை என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

2

மலையகத்தைக் களமாகக் கொண்டு எழுதிய பிறபுலத்தாருட் குறிப்பிடத்தக்கவர் சிலரை முதலில் நோக்குவோம். 'மலைக்கொழுந்து' எழுதிய நந்தி மருத்துவர். 'குருதிமலை' எழுதிய தி. ஞானசேகரனும் மருத்துவர், தோட்டப் பகுதியிற் பணிபுரிந்தவர். 'சொந்தக்காரன்?' எழுதிய யோ. பெனடிக்ற் பாலனும், 'வரலாறு அவளைத் தோற்றுவிட்டது' எழுதிய கே. ஆர். டேவிட்டும் ஆசிரியர்கள். இது தற்செயலன்று. வெளியிலிருந்து வந்த படித்த தமிழர் தோட்டத்துள் நுழைவதற்கு இருந்த முக்கிய வாயில்கள் இரண்டு: ஒன்று மருந்தகம், மற்றையது பள்ளிக்கூடம். நீண்டகாலம் தோட்ட நிருவாகத்தின் பொறுப்பிலிருந்த பள்ளிக்கூடங்களை 1970களில் அரசு ஏற்கத் தொடங்கியபின், இரண்டாவது வாயில் மேலும் அகன்றது.

வாயில் எதுவோ அதற்கேற்பவே காட்சியும் அமையும். மருந்தகத்தின் மேசைக்கு அப்பால் நிற்கும் தொழிலாளி நோயாளி. பள்ளிக்கூடத்தின் மேசைக்கு அப்பால் நிற்கும் தொழிலாளியின் பிள்ளை மாணவன். இரு நிலைகளிலும் அவர்கள் ஏதோவொன்று குறைந்தவராகவும், அதனைத் தரவல்லவர் முன் வந்து நிற்பவராகவுமே காணப்படுவர். நலமின்மையும் அறியாமையும் கண்ணிற் படும். மனிதாபிமானமுள்ள எழுத்தாளர் நெஞ்சில் அவை இரக்கத்தையும் சினத்தையும் எழுப்பும். மலையக மக்களின் துயரைத் தமிழ் வாசகர் மன்றின் முன் வைத்தமைக்காக இவ்வெழுத்தாளருக்கு நாம் கடமைப்பட்டுள்ளோம் என்பதில் ஐயமில்லை. ஆயினும், அதே தொழிலாளி செங்குத்தான மலையிற் கவ்வாத்துக் கத்தியுடன் நிற்கும்பொழுது குறைந்தவரல்லர், தேர்ந்த வினைஞர். கொழுந்து நிறுக்குமிடத்திற் கணக்கப்பிள்ளையோடு எடைக்கு வாதாடும் பெண் நோயாளியல்லள். தன் கூலியின் கணக்கைப் பெருவிரல் நுனியில் வைத்திருப்பவள். இக்காட்சிகள் மேற்கூறிய வாயில்களிலிருந்து தெளிவாகத் தெரிவதில்லை.

இரக்கத்தின் கலை எங்கு தடுமாறுகின்றதென்பதும் இதனால் விளங்கும். வந்தவனே அறிவு கொளுத்துபவனாகவும், அவன் வருகைக்கு முன் தோட்டத்தில் எதுவுமே நிகழாதது போலவும் கதை அமையுமாயின், அது முற்போக்கான தீர்வொன்றில் முடிந்தாலும், அதன் அமைப்பு முற்போக்கானதன்று. தொழிலாளரின் விடுதலை தொழிலாளராலேயே எய்தப்படல் வேண்டும் என்பதை முழக்கமாக ஏற்றுக்கொண்டு, கதைப்பின்னலில் அதனை மறுப்பது முரண்பாடாகும். 1960களிலும் 1970களிலும் நமது விமரிசகர் கதையின் முடிவைத் துருவி நோக்கிய அளவுக்கு, கதையின் வினைமுதல் யார் என்பதை நோக்கினாரல்லர்.

இவ்வகையில் 'குருதிமலை' விதந்து கூறத்தக்கது. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தத்தின் பின், நிலப்பகிர்வின் பெயரால் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது தொழிலாளர் இடம்பெயர்க்கப்பட்டனர். 1977 மே மாதத்தில் டெவன் தோட்டத்தில் அதனை எதிர்த்து நின்றோர்மீது சூடு நிகழ்த்தப்பட்டுச் சிவனு லட்சுமணன் என்னும் இளைஞர் உயிரிழந்தார். அக்காலப் போராட்டச் சூழலை அடியொற்றிய இந்நாவலின் வினை தொழிலாளரின் ஒன்றுபட்ட எதிர்ப்பிலேயே தங்கியுள்ளது. பிறபுலத்து எழுத்தாளராயினும் தன் கண்ணைக் கதையின் நடுவில் நிறுத்தாது ஒதுங்கி நிற்றல் இயலும் என்பதற்கு இது சான்று. பிறப்பிடம் எழுத்தாளரின் விதியன்று. அவர் தம்மை எவ்விடத்தில் நிறுத்திக் கொள்கின்றார் என்பதே முதன்மையானது.

3

உள்ளிருந்து எழுதியோர் ஆக்கங்களை இவற்றோடு ஒப்பிடின் வேறுபாடு முதலிற் சொல்லிலேயே புலப்படும். 'பேர்' என்னும் சிறு சொல்லை எடுத்துக்கொள்வோம். ஏனைய தமிழருக்கு அது ஒருவரின் பெயர். தோட்டத்தில் அது ஒருநாள் வேலையின் பதிவு. ஆதலால் ஒருநாட் கூலியுமாகும். குறித்த அளவு கொழுந்து பறிக்காதவருக்கு 'அரைப்பேர்' விழும். மனிதரின் பெயரும் அவர்தம் நாட்கூலியும் ஒரே சொல்லாகி, அச்சொல்லும் பாதியாகக் குறைக்கப்படக் கூடியதாக இருத்தல் எத்தகைய வாழ்வென்பதை விளக்கப் பக்கக்கணக்கான வருணனை வேண்டியதில்லை. புதியவர் கண்வழி எழுதப்படும் கதை இச்சொல்லை நிறுத்தி, வாசகருக்குப் பொருள் கூறிச் செல்லும். பெரட்டு, காம்பரா, இஸ்தோப்பு, பீலி, பிள்ளைமடுவம், படங்கு யாவும் அங்கே விளக்கம் வேண்டும் காட்சிப் பொருள்களாகும். உள்ளிருந்து எழுதுபவரோ இவற்றை விளக்குவதில்லை. இவற்றைக் கொண்டு வாழ்க்கையை விளக்குவர்.

என். எஸ். எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' பறித்த கொழுந்தின் அளவைப் பற்றிய ஐயத்தையும், அதற்கு உழைப்பே விடையாவதையும் கொண்டு இயங்குகின்றது. நிறையும் எண்ணும் இங்கே மானப்பிரச்சினையாகின்றன. புதியவர் ஒருவர் காணின் வெறும் தொழில்முறை விவரமாகத் தோன்றக்கூடியது, அவ்வாழ்வை வாழ்வோருக்கு எவ்வளவு பெரிய நாடகம் என்பதை இச்சிறுகதை உணர்த்துகின்றது.

தெளிவத்தை ஜோசப்பின் 'மீன்கள்' இன்னும் நுணுகி நோக்கத்தக்கது. பத்துக்குப் பன்னிரண்டு அடி கொண்ட லயத்துக் காம்பராவின் நெருக்கடியைப் பற்றி அறிக்கைகள் பல கூறியுள்ளன. வளர்ந்த பிள்ளைகளோடு ஒரே அறையில் உறங்கவேண்டிய பெற்றோரின் கூச்சத்தை இக்கதையே நம் நெஞ்சிற் பதிக்கின்றது. மருந்தகத்திலிருந்து நோக்கின் லயம் சுகாதாரப் பிரச்சினை. உள்ளிருந்து நோக்கின் அது நாணத்தின் பிரச்சினை. பகலில் வந்து மாலையிற் தம் விடுதிக்குத் திரும்பும் புதியவருக்கு லயத்தின் இரவு எட்டாதது.

இவ்விடத்து ஓர் எச்சரிக்கையும் வேண்டும். 'உள்ளிருப்பவர்' என்பதும் ஒரே தளத்தினரைக் குறிப்பதன்று. சி. வி. வேலுப்பிள்ளை மடகொம்பரைத் தோட்டத்திற் பிறந்தவர். ஆயினும் கங்காணிக் குடும்பத்து வழிவந்தவர். தோட்ட வாழ்வு பற்றிய அவரது நெடும்பாடல் முதலில் ஆங்கிலத்திலேயே எழுதப்பட்டு, 1969இல் சக்தீ பால ஐயாவின் ஆக்கமாகத் தமிழில் வந்தது. தோட்டத்துப் பெயரையே தம் பெயராகக் கொண்ட ஜோசப் உத்தியோகத்தர் வகுப்பினர். உத்தியோகத்தர் வீட்டுக்கும் லயத்துக்கும் இடைப்பட்ட தூரம் சில நூறு அடிகளேயெனினும், சமூக அளவில் அது பெரிது. அத்தூரத்தை மறையாது எழுதியமையே இவர்தம் வலிமை எனலாம்.

4

இதுகாறும் கண் பற்றிப் பேசினோம். இனி, காணப்படுவோரின் நிலையை நோக்குதல் வேண்டும். இங்கே கனடிய நாவலுக்கும் மலையகத்துக்கும் அடிப்படை வேறுபாடு ஒன்றுளது. இனுவிற் மக்கள் தாம் வாழும் நிலத்தின் தொல்குடியினர். வந்தவன் ஜேமியே என்பதில் ஐயமில்லை. மலையகத்திலோ அனைவரும் ஒரு காலத்தில் வந்தவர்களே. முதற் புதியவர் யாழ்ப்பாணத்து ஆசிரியரல்லர். மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியில் நடந்து, வழியிற் பலரைப் பறிகொடுத்து, குளிரறியாத உடலோடு மலையேறியவரே ஆவர். தேயிலைச் செடியின் அடியில் தேங்காயும் மாசியும் விளையும் என்று கூறி அழைத்துவரப்பட்டதாக அவர்தம் வாய்மொழி மரபு இன்றும் கூறும். புதுமைப்பித்தன் 1935இல் எழுதிய 'துன்பக்கேணி'யின் மருதியும், கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை'யில் தமிழகத்துக் கிராமமொன்றிலிருந்து வரும் சிறுமியும் இம்மரபினர். அவர்கள் இசைவுற்றது ஒரு பருவகாலத்து அனுபவமன்று. உயிர்வாழ்வதற்கு விதிக்கப்பட்ட நிபந்தனை. கறுப்புக் கம்பளியையும் படங்கையும் குளிருக்கு உடையாக்கினர். காமன்கூத்தையும் பொன்னர் சங்கரையும் லயத்து முற்றத்தில் மீண்டும் நட்டனர். காட்டை நாடாக்கினர்.

அவ்வாறு நாடாக்கியோரையே 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அந்நியராக்கிற்று. 1947இல் ஏழு பிரதிநிதிகளை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள், 1952இல் ஒருவரையும் அனுப்ப இயலாதவராயினர். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு அரசுகளும் சமபாதியாகப் பங்கிட்டன. எஞ்சியிருந்தோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறியது.

இப்பின்னணியில், தோட்டத்துக்கு வரும் நகர இளைஞன் அம்மக்களை 'விசித்திரமானோர்' எனக் காணும் காட்சி வெறும் கதை உத்தியாக நின்றுவிடுவதில்லை. பிரசாவுரிமையை ஐயமின்றி உடைய ஒருவன், அவ்வுரிமை பறிக்கப்பட்டவரை நோக்கி, இவர்கள் யார் என வியக்கின்றான். சட்டம் கேட்ட வினாவையே, நல்லெண்ணத்தோடாயினும், கதையும் மீண்டும் கேட்கின்றது. ஆகவே, இத்தகைய கதைகளை மதிப்பிடுதற்கு நாம் ஓர் உரைகல்லை முன்வைக்கலாம்: கதை முடியுமிடத்து அந்நியராக நிற்பவர் யார்? தொழிலாளர் இன்னும் அந்நியராகவே எஞ்சுவராயின், வந்தவன் எவ்வளவு கண்ணீர் சிந்தினும் அவன் எதனையும் கற்றிலன். தன் பேச்சும் பழக்கமும் உரிமையும் தனக்கே கேள்விக்குரியனவாகத் தோன்றும் நிலையை அவன் எய்துவானாயின், அக்கதை மெய்யான இசைவாக்கத்தைக் கூறியதாகும்.

5

இவ்வினாவுக்கு மறுதலையான பயணங்களையும் நாம் மறத்தலாகாது. ஒப்பந்தத்தின் வழி நீலகிரிக்கு அனுப்பப்பட்ட பதின்ம வயதினர், தாம் ஒருநாளும் காணாத 'தாய்நாட்டில்' சிலோன்காரர் எனப்பட்டனர். 1977, 1983 ஆம் ஆண்டுகளின் வன்செயல்களால் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் பெயர்ந்தோர், தமிழர் நடுவிலேயே 'தோட்டக்காட்டார்' எனும் இழிசொல்லைக் கேட்டனர். யாழ்ப்பாணத்திலிருந்து மலையேறிய இளைஞன் 'சேர்' என அழைக்கப்பட்டான். மலையிலிருந்து வடக்கே இறங்கிய இளைஞன் கூலியாளாகவே ஏற்கப்பட்டான். இருவரும் தமிழர், இருவரும் புதியவர். வந்தவரின் அனுபவம் என்பது வர்க்கத்துக்குப் புறம்பான ஒன்றன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ? இவ்விரண்டாம் இளைஞனின் கதை, முதலாமவன் கதைக்குத் தமிழ்ப் புனைகதையிற் கிடைத்த இடத்தை இன்னும் பெற்றிலது.

வடபுலத்திலிருந்தே இதற்கோர் ஒப்புமை கூறலாம். மிற்றியார்ஜுக் நப்பாலுக் என்னும் இனுவிற் பெண்மணி தம் மொழியில் எழுதிய 'சனாக்' 1984இல் நூலுருப் பெற்றது. அங்கே வேட்டையும் சமையலும் பிணக்கும் இழப்புமாக இயங்கும் வாழ்வின் நடுவே வெள்ளையர் வந்துசேர்கின்றனர். ஜேமியின் கதையைத் திருப்பிப் பிடித்தாற் போன்றது இது. வந்தவனைக் கொண்டு இருந்தவரை அறிதல் ஒருவகை. இருந்தவரைக் கொண்டு வந்தவனை அறிதல் மற்றொருவகை. ஓரிலக்கியம் முழுமை பெற இரண்டும் வேண்டும். ஆயின் இரண்டாவது இன்றி முதலாவதை மதிப்பிடுதல் இயலாது.

பேராதனை வளாகத்திலிருந்து ஹந்தானை மலையை நாளும் காண்கின்றோம். அதன் சரிவுகளிலும் லயங்களுள. படிப்பை முடித்து ஆசிரியராகவும் மருத்துவராகவும் மலையேறுவோர் நம்மிடையே என்றும் இருந்து வந்துள்ளனர். அவருட் சிலர் எழுதவும் செய்வர். மலையகத்திலிருந்தே வந்து நம்மோடு பயில்வோர் தொகையும் இன்று வளர்ந்துள்ளது. ஆதலின், மலையகத்துக்காகப் பேசுதல் என்னும் பழைய பொறுப்பு மாறியுள்ளது. அங்கே செல்பவர் முதலிற் செய்யத்தக்கது, தம் மேசையை விட்டு எழுந்து கொழுந்து நிறுக்கும் இடத்திற் சிறிதுநேரம் பேசாது நிற்றலாகும். அங்கே 'பேர்' என்னும் சொல்லின் பொருளை எவரும் அவருக்கு விளக்கப் போவதில்லை. அதனைத் தாமாகவே விளங்கிக்கொள்ளும் நாளில், அவர் எழுதத் தொடங்கலாம்.