வெட்டிய இடத்தில் இருந்த பெயர்

நாலு வருஷமாக என் லேப்டாப் வால்பேப்பர் ஒரு பழைய தாவர ஓவியம். 'விண்டேஜ்' என்று தேடி எடுத்தது. திரைக்குப் பொருந்தவில்லை என்று அடிப்பக்கத்தை வெட்டிவிட்டேன். போன மாதம் அதன் முழுப்பக்கத்தைப் பார்க்க நேர்ந்தது. நான் வெட்டிய இடத்தில் பொடி எழுத்தில் ஒரு பெயர்: ரங்கையா.

கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் பணியில் இருந்த ஸ்காட்லாந்து மருத்துவர் ராபர்ட் வைட். தென்னிந்தியத் தாவரங்களுக்காக 1838 முதல் 1853 வரை அவர் வெளியிட்ட 'ஐகோனெஸ்' நூல் 6 தொகுதிகள், 2101 படங்கள் கொண்டது. அதற்குப் பெரும்பாலும் வரைந்து கொடுத்தவர்கள் இரண்டு பேர். முதலில் ரங்கையா, அவருக்குப் பின் கோவிந்து. படங்களின் அடியில் பெயரோடு 'டெல்.' என்று இருக்கும். 'வரைந்தவர்' என்பதற்கான லத்தீன் சுருக்கம் அது.

எங்கள் தக்கலையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில்தான் பத்மநாபபுரம் அரண்மனை. அங்குள்ள 18ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்களைப் புகழாத ஆள் கிடையாது. வரைந்தது யாரென்று கேட்டால் சொல்ல ஒரு பெயரும் நம்மிடம் இல்லை. அந்த இழப்புக்கு நாம் என்ன செய்ய முடியும்? ஆனால் ரங்கையாவின் பெயர் அச்சிலேயே இருக்கிறது. அதை வெட்டியது என்னை மாதிரி ரசிகர்கள்தான்.

இன்னொரு விதத்திலும் வெட்டுகிறோம். 'என்னா டீட்டெயில்!' என்று பாராட்டி நகர்ந்துவிடுகிறோம். ஓவியர் முன்னால் கிடப்பது வாடத் தொடங்கிய ஒரு கிளை. அதில் பூச்சி அரித்த இலை இருக்கும், உதிர்ந்த பூ இருக்கும். அதைப் பார்த்து வரைகிற படமோ அந்த இனம் முழுவதற்கும் பொருந்த வேண்டும். எதை விடுவது, எந்த இலையைத் திருப்பி அடிப்புறம் காட்டுவது என்பதெல்லாம் ஓவியர் கையில் நடக்கிற முடிவுகள். கோட் எழுதுகிறவனுக்கு இது தெரியும்: எதை விட்டோம் என்பதில்தான் வேலையே இருக்கிறது. நகலெடுக்கும் கைத்திறன் என்று மட்டும் சொன்னால் அவர்களுடைய யோசனையை மறுக்கிறோம்.

வைட்டைப் புனிதராக்கவும் வேண்டாம். எதை வரைவது என்று தீர்மானித்தவர் அவர்தான், நூலும் அவர் பெயரில்தான் நிற்கிறது. ஆனாலும் ஊழியர்களின் பெயரை அச்சேற்றினார். 1853-இல் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் 'கோவிந்தூயியா' என்றே பெயர் வைத்தார். பின்னால் வந்த தாவரவியலாளர்கள் அதை ட்ரோபிடியா என்ற பேரினத்தில் சேர்த்துவிட்டார்கள். வகைப்பாட்டு விதி அப்படி, யார்மேலும் குற்றமில்லை. கோவிந்துவின் பெயர் இப்போது இணைப்பெயர்ப் பட்டியலில் ஒரு வரி.

எங்கள் தொழிலில் ஒவ்வொரு வரியையும் யார் எழுதினார் என்று கிட் சொல்லிவிடும். பழைய பிழையைத் திருத்தப் போகும்போதுகூட எழுதியவரின் பெயரைப் பார்த்துவிட்டுத்தான் கைவைப்போம். கொண்டாடும்போது மட்டும் அந்தப் பழக்கம் எங்கே போகிறது? 'விண்டேஜ்' என்பது காலத்தைச் சொல்கிற மாதிரி இருக்கிறது. உண்மையில், 'ரொம்பப் பழசு, ஆளைத் தேட வேண்டாம்' என்று நமக்கு அனுமதி கொடுக்கிற சொல் அது.

இப்போது முழுப்பக்கத்தையும் வால்பேப்பராக வைத்திருக்கிறேன். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழுகிறது, பார்க்க அவ்வளவு நன்றாக இல்லை. இருந்துவிட்டுப் போகட்டும். அடியில் பெயர் தெரிகிறது.